அம்பாசடர் பெட்ரோல் என்ஜின் கட்டும்போது சரியான புஷ்ராடு நீளத்தை எப்படி அளப்பது?

ஹெட் ஃபேஸிங் (அடிப்பரப்பைச் சீவிச் சமன் செய்வது) போட்டாயிற்று, வால்வு சீட் (வால்வு உட்காரும் வளையம்) வெட்டியாயிற்று, கேம் ஷாஃப்டும் கிரைண்டிங் முடிந்து வந்துவிட்டது. பழைய புஷ்ராடையே போடலாமா, அளந்து புதிது வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய 1489 சிசி என்ஜின்களைப் பிரித்துக் கட்டுவதுதான் என் பொழுதுபோக்கு என்பதால் சொல்கிறேன். பெரும்பாலும் பழையதே போதும். ஆனால் அளந்து பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது. புதியவர்களுக்கு ஒரு வரி: கேமின் மேடு டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் புஷ்ராடு என்ற கம்பியைத் தூக்கும், அது ராக்கர் என்ற நெம்புகோலின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனையான மூக்கு வால்வை அழுத்தித் திறக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். யூட்யூபில் புஷ்ராடு அளக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்க செவ்ரோலெட் வி8 என்ஜினைப் பற்றியவை. அதன் பழைய ஸ்மால் பிளாக் வகையில் ஒவ்வொரு ராக்கரும் தனித்தனி ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரைக்கம்பி) உட்காரும். புஷ்ராடு நீளமானால் ராக்கரின் அச்சே மேலே ஏறும். அதனால் வால்வு முனையில் ராக்கர் எங்கே தேய்க்கிறது என்பதை அங்கே புஷ்ராடு நீளம்தான் தீர்மானிக்கிறது. நம் அம்பாசடரில் இருப்பது பிஎம்சி பி சீரிஸ் என்ஜின். எட்டு ராக்கரும் ஒரே ஷாஃப்டில் கோத்திருக்கும், அந்த ஷாஃப்ட் ஹெட்டின் மேல் உள்ள பெடஸ்டல்கள் என்ற தாங்கிகளின் மேல் நிற்கும். புஷ்ராடை எவ்வளவு நீட்டினாலும் குறைத்தாலும் ஷாஃப்டின் உயரம் மாறாது. ஆகவே இங்கே வேலை இரண்டு. ராக்கர் வால்வைச் சரியான கோணத்தில் அழுத்துவது பெடஸ்டல் உயரத்தைப் பொறுத்தது. ராக்கரின் மறுமுனையில் உள்ள அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ தன் மரையின் நடுப்பகுதியில் நிற்பது புஷ்ராடு நீளத்தைப் பொறுத்தது. முதல் வேலையை முடிக்காமல் இரண்டாவதை அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

டேப்பட் கேப் (ராக்கர் மூக்குக்கும் வால்வுக்கும் இடையே விடும் இடைவெளி) 15 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சரியாக வந்துவிட்டது, அப்புறம் என்ன என்று பல மெக்கானிக்குகள் கேட்பார்கள். கேப் எப்படியும் வரும், ஸ்க்ரூ அதற்காகத்தானே இருக்கிறது! கோணம் தப்பாக இருந்தாலும், இடைவெளி அளக்கும் தகடான ஃபில்லர் கேஜ் 15 என்றுதான் காட்டும். ராக்கர் மூக்கில் குழி விழுந்திருந்தால் கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம் போல நிற்கும், உண்மையான கேப் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதனால் எதையும் அளக்கும் முன் ராக்கர் மூக்கை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இப்போது கோணம். வால்வு பாதி திறந்திருக்கும் நிலையில், ராக்கர் ஷாஃப்டின் மையத்திலிருந்து ராக்கர் மூக்கு வால்வைத் தொடும் இடத்துக்குப் போகும் கோடு, வால்வுத் தண்டுக்கு ஏறத்தாழ செங்குத்தாக இருக்க வேண்டும். அப்போதுதான் மூக்கு வால்வு முனையின் மேல் மிகக் குறைந்த தூரம் இழுபடும். சீட் வெட்டும்போது வால்வு ஹெட்டுக்குள் இறங்குகிறது, அதன் தண்டு முனை மேலே ஏறுகிறது. 25 தவ் இறங்கியிருந்தால் முனை 25 தவ் ஏறியிருக்கும். ஷாஃப்ட் பழைய இடத்திலேயே இருந்தால் கோணம் கெட்டு, மூக்கு வால்வைப் பக்கவாட்டில் தள்ளும், வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடு நீள்வட்டமாகத் தேயும், அதன் வழியே ஆயில் உள்ளே இறங்கும். புதிதாகக் கட்டிய என்ஜின் கொஞ்ச நாளிலேயே நீலப் புகை விட ஆரம்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழி பாவம் பிஸ்டன் ரிங் மேல் விழும்.

பார்க்கும் விதம் இது. வால்வு முனையில் மார்க்கிங் ப்ளூ தடவுங்கள், கிடைக்காவிட்டால் பெர்மனென்ட் மார்க்கர் போதும். கேப் வைத்துவிட்டு கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ராக்கரைத் தூக்கிப் பார்த்தால் மை அழிந்த பட்டை தெரியும். பட்டை ஒடுக்கமாக, முனையின் நடுப்பக்கம் இருந்தால் நல்லது. அகலமாக, ஓரத்தை ஒட்டி இருந்தால் பெடஸ்டலுக்கு அடியில் ஷிம் (உயரம் கூட்டும் மெல்லிய தகடு) தேவை. வால்வு எவ்வளவு ஏறியதோ ஏறக்குறைய அதே கனம். எட்டு வால்வும் ஒரே அளவு இறங்கியிருக்காது. சராசரிக்கு ஷிம் போட்டு, அதிகமாக நிற்கும் வால்வின் முனையை லேசாக கிரைண்ட் செய்யச் சொல்லலாம். லேசாக மட்டும்தான், கடினப்படுத்திய தோல் அங்கே மெல்லியது.

ஷிம் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. ராக்கர் ஷாஃப்டுக்கு ஆயில் ஒரு பெடஸ்டல் வழியாகத்தான் ஏறுகிறது. அதன் அடியில் போகும் ஷிம்மில் துளை இல்லையென்றால் மேலே எல்லாம் காய்ந்துவிடும். அடுத்தது, பெடஸ்டல் நட்டுகளில் நான்கு ஹெட் ஸ்டட்டிலேயே உட்கார்ந்திருப்பவை. அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் ஒரு பக்கமாக இழுத்து கேஸ்கட் போய்விடும். கூலன்டை இறக்கி, எல்லா ஹெட் நட்டையும் முறைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஆகவே ஷிம் கணக்கைக் கடைசி டைட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இனி நீளம். கணக்கு எளிது. ஹெட்டிலும் பிளாக்கிலும் ஃபேஸிங்கில் எவ்வளவு போனதோ, புஷ்ராடு அவ்வளவு குட்டையாக வேண்டும். பெடஸ்டல் ஷிம் எவ்வளவோ, அவ்வளவு நீளமாக வேண்டும். கேம் கிரைண்டிங்கில் அடிவட்டத்தின் (கேமில் மேடு இல்லாத வட்டப் பகுதி) ஆரம் குறைந்திருந்தால் டேப்பட் கீழே இறங்கும், அதற்கும் நீளம் கூட வேண்டும். உதாரணமாக ஹெட்டில் 40 தவ் போய், ஷிம் 25, கேம் 20 என்றால் மொத்தத்தில் 5 தவ் கூடுதலாகத் தேவை. பழைய ராடு தாராளமாகப் போதும், ஸ்க்ரூ பார்த்துக்கொள்ளும். அதே வேலையில் ஷிம்மை விட்டுவிட்டால் என்ன ஆகும்? வால்வு ஏறிய 25 தவ், ராக்கர் விகிதம் சுமார் 1.4 (மூக்கு 1.4 அசைந்தால் மறுமுனை 1 அசையும்) என்பதால், மறுமுனையில் 18 தவ் கீழே தள்ளும். இப்போது பழைய ராடு (40 + 18 - 20) 38 தவ் நீளம் அதிகம். ஸ்க்ரூவை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போவீர்கள், ஒரு கட்டத்தில் புஷ்ராடு கிண்ணத்தின் விளிம்பு ராக்கரின் அடிவயிற்றில் உரசும்.

கணக்கை நம்புங்கள், ஆனால் அளந்தும் பாருங்கள். கடைசியில் போடப்போகிற அதே வகை கேஸ்கட்டை வைத்து ஹெட்டை முழு டார்க்கில் (முறுக்கு விசை) டைட் செய்யுங்கள். பழைய புஷ்ராடு ஒன்றை லேத்தில் கொடுத்து இரண்டாக வெட்டி, மரை போட்டு, நடுவில் ஒரு ஸ்டட்டும் லாக் நட்டும் வைத்து நீட்டிக் குறைக்கும்படி செய்துகொள்ளுங்கள். டேப்பட் கேமின் அடிவட்டத்தில் இருப்பது உறுதியாக வேண்டும். ஒன்பது கணக்கு (இரண்டு வால்வு எண்களையும் கூட்டினால் ஒன்பது வரும்) இங்கே உதவும்: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை அளப்பது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. ராக்கர் ஸ்க்ரூவை மரையின் நடுவில் நிறுத்தி லாக் செய்துவிட்டு, இந்த அளவு ராடை 15 தவ் கேப் வரும்வரை நீட்டுங்கள். வெளியே எடுத்து அளங்கள்.

அளப்பதில்தான் பலர் ஏமாறுவார்கள். புஷ்ராடின் மேல்முனை கிண்ணம். வர்னியரை அதன் விளிம்பில் வைத்தால் கிண்ணத்தின் ஆழம் கணக்கில் வராது, விளிம்பு தேய்ந்திருந்தால் அதுவும் பொய் சொல்லும். கிண்ணத்தில் ஒரு சின்ன பேரிங் குண்டை வைத்து மொத்தமாக அளங்கள். அதே குண்டோடு பழைய ராடையும் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டியது, முழு நீளம் எத்தனை என்பதல்ல. முதல் சிலிண்டரிலும் நான்காவதிலும் அளந்து பார்த்து ஒத்துவராவிட்டால் ஃபேஸிங் சாய்வாகப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

வித்தியாசம் 10, 15 தவ்வுக்குள் என்றால் பழையதைப் போட்டுவிடுவேன், ராடு வளையாமலும் முனை தேயாமலும் இருந்தால். கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். 40க்கு மேல் போனால் அளவுக்குச் செய்து வாங்குவதே நல்லது. பழைய ராடின் குண்டு முனையை கிரைண்ட் செய்து குட்டையாக்கித் தருகிறேன் என்று லேத்தில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடினப்படுத்திய முனை போய்விட்டால் அது டேப்பட்டையும் சேர்த்துத் தின்னும்.