ப்ரூக்ஸ் முனையை இந்த ஆகஸ்டிலேயே சுற்றலாமா?

கேள்வி: நானும் என் மச்சானும் இரண்டு கோடையாக ஏரிகளிலும் வான்கூவருக்குப் பக்கத்து அமைதியான டீப் கோவ் கடலோரத்திலும் கயாக் ஓட்டுகிறோம். ஆகஸ்டில் 6 நாள் லீவு. கனடாவின் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் கியூகாட் பக்கமிருந்து ப்ரூக்ஸ் தீபகற்பத்தைச் சுற்றி வின்டர் ஹார்பர் வரை போக ஆசை. தினம் 25 கி.மீ. போனால் 5 நாளில் முடிந்துவிடும். திட்டம் சரியா?
– வாசகர், பர்னபி

பதில்: தினம் 25 கி.மீ. உங்களால் முடியும். எனக்குக் கவலை அந்த 6 நாள் லீவுதான். காற்றுக்கென்று ஒரு நாள்தான் மிச்சம் வைத்திருக்கிறீர்கள். ஏழாம் நாள் வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நினைப்பு, போகக்கூடாத காலையில் உங்களைக் கடலில் இறக்கிவிடும்.

ப்ரூக்ஸ் பசிபிக்குள் பத்து கிலோமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. கோடையில் அடிக்கும் வடமேற்குக் காற்று அந்த முனையில் நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். முனைக்கு எதிரே சொலாண்டர் தீவில் வானிலைக் கருவி இருக்கிறது. ரேடியோவில் அந்த அளவீட்டைக் கேட்காமல் யாரும் முனையைத் தாண்டுவதில்லை. அனுபவசாலிகளே தெற்குப் பக்கம் கொலம்பியா கோவ் என்ற சிறு விரிகுடாவில் கூடாரம் போட்டு, நாள்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். மற்ற இடங்களில் மூன்று நாள் துடுப்புக்கு ஒரு நாள் சும்மா இருக்க ஒதுக்கினால் போதும். இங்கே அதுவும் பத்தாது.

அதனால் இந்த வருடம் அதே மேற்குக் கரையில் பார்க்லி சவுண்ட் விரிகுடாவில் உள்ள ப்ரோக்கன் குரூப் தீவுகளுக்குப் போங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள், பெரும்பாலும் குட்டித் தீவுகள். உள்பக்கம் அமைதியான தண்ணீர். வெளி ஓரத்துக்குப் போனால் அசல் பசிபிக். குறிப்பிட்ட சில தீவுகளில்தான் தங்கலாம், முன்பதிவு கட்டாயம். அது கைவந்தபின் ப்ரூக்ஸுக்குத் தெற்கே இருக்கும் பன்ஸ்பி தீவுகள். 1969 முதல் 1972 வரை அலாஸ்காவிலிருந்து 89 கடல் நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டது அந்தப் பக்கம்தான். இன்று கெல்ப் பாசியை உடம்பில் சுற்றிக்கொண்டு அவை கூட்டமாக மிதப்பதைப் பார்க்கலாம். ப்ரூக்ஸ் அதற்கப்புறம்.

உங்கள் கடிதத்தில் உடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! அங்கே ஆகஸ்டிலும் தண்ணீர் 10 முதல் 14 டிகிரிதான். விழுந்த முதல் நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. சுமார் பத்து நிமிடத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. அதற்குள் கயாக்கில் ஏறியாக வேண்டும். வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரைப் பார்த்து உடுத்துங்கள். தண்ணீர் உள்ளே புகாத டிரை சூட் வாடகைக்குக் கிடைக்கும். ஜூலையிலேயே இருவரும் மாறி மாறிக் கவிழ்ந்து, ஒருவரை ஒருவர் ஏற்றிப் பழகுங்கள். ஏரியில் முடிந்தால் போதாது, அலையிலும் செய்து பாருங்கள்.

வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று எழும். ஆகவே விடியும்போதே கிளம்பி, மதியத்துக்குள் கரையேறிவிடுங்கள். திறந்த கடற்கரையில் நேராக உள்ளே பாயக்கூடாது. அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று கவனியுங்கள். சின்ன அலைகள் சில போனபின் பெரியவை மூன்று நான்கு சேர்ந்து வரும். அந்தக் கடைசிப் பெரிய அலையின் முதுகுக்குப் பின்னாலேயே துடுப்பு போட்டு, அடிப்பகுதி மணலைத் தொட்டதும் குதித்து கயாக்கை மேலே இழுத்துவிடுங்கள். நீருக்கடியில் மறைந்த பாறைகளும் அப்படித்தான். ஐந்து நிமிடம் சாதுவாக இருந்துவிட்டு ஒரு பெரிய அலை வந்ததும் அவற்றின் மேல் தண்ணீர் வெள்ளையாக வெடிக்கும்.

கூடாரத்தைக் கரையொதுங்கிய மரக்கட்டைகளுக்கு மேலே போடுங்கள். பகலில் பார்த்த கடல் ஏற்றத்தைவிட இரவில் வருவது உயரமாக இருக்கலாம். சாப்பாட்டைக் கூடாரத்தில் வைக்காதீர்கள், கரடியும் ஓநாயும் உள்ள இடம். ஆகஸ்டில் மூடுபனி அடிக்கடி இறங்கும், திசைகாட்டியை வைத்து ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. இருவரும் ஆளுக்கொரு விஎச்எஃப் ரேடியோவை (படகுகளில் பேசும் கையடக்க ரேடியோ) உயிர்காப்புச் சட்டையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். அவசர சேனல் 16. கயாக்கின் நிறம், போகும் வழி, எந்த நாள் எத்தனை மணி தாண்டினால் கடலோரக் காவல்படையைக் கூப்பிட வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். அந்த நேரத்தைத் தாராளமாகவே போடுங்கள். காற்றுக்காகக் கரையில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டை நினைத்துப் பதற வேண்டியிருக்காது.