பெரிய டயரும் நிற்காத ஈயமும்: கேள்வி பதில்

தார், குர்க்கா, ஜிம்னி, வி-கிராஸ் என்று வண்டி வாங்கி, கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு மட் டெரைன் (சேற்றுக்கான கட்டை டயர்) மாட்டியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் டயர் கடைக்காரன். பேலன்சிங் (சக்கரத்தின் பாரம் எல்லாப் பக்கமும் சமமாக இருக்க ரிம்மில் சின்னச் சின்ன ஈய வெயிட் வைப்பது), அலைன்மென்ட் வரைக்கும்தான் என் எல்லை. கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள்: ரிம்மின் உள்பக்கத்தை நன்றாகக் கழுவிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கேள்வியே இருக்காது.

பொள்ளாச்சி, தார்: 285/75 ஆர்16 போட்டிருக்கிறேன் அண்ணா. பேலன்ஸ் பண்ணி ஒரு வாரத்தில் ஸ்டிக்கர் வெயிட் விழுந்துவிட்டது. 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. வேகத்தில் பிய்த்துக்கொண்டு போகிறதா?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் டயர் கிட்டத்தட்ட 33 அங்குலம். 100 கி.மீ. வேகத்தில் 50 கிராம் வெயிட் மேல் நாலு கிலோவுக்கு மேல் விசை விழும். ஆனால் அது எந்தப் பக்கம்? அச்சிலிருந்து வெளியே. வெயிட் ஒட்டியிருப்பது ரிம்மின் உள்சுவரில். ஆக, வேகம் கூடக்கூட அது ரிம்மோடு இன்னும் இறுகும், கழலாது.

விழுவதற்குக் காரணம் ஒட்டின விதம். பிரேக் தூசி படிந்த ரிம்மைப் பழைய துணியால் ஒரு துடை துடைத்து, பழைய பசை மேலேயே புது வெயிட்டை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். பசை பிடித்திருப்பது தூசியை, அலாய் ரிம்மை அல்ல. அப்புறம் பிரேக் சூடு, சேற்றுத் தண்ணீர், ரிம்முக்கும் பிரேக் காலிப்பருக்கும் நடுவில் மாட்டி உரசும் கல், கடைசியில் வாட்டர் சர்வீஸ்காரர் பக்கத்தில் வைத்து அடிக்கும் பிரஷர். முதலில் தூக்குவது பட்டையின் இரண்டு முனைகளும்தான்.

முறை இது. பழைய பசையைப் பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டி எடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கருப்பு வராத வரை துடைக்க வேண்டும். பெட்ரோல் வேண்டாம், எண்ணெய்ப் படலம் விடும். வெயிட் பட்டையை ஒட்டுவதற்கு முன்பே ரிம்மின் வளைவுக்குக் கையால் வளைத்துக்கொள்ளுங்கள். நேர்ப் பட்டையை அப்படியே அமுக்கினால் முனைகள் நிமிரத்தான் பார்க்கும். காகிதத்தை உரித்த பிறகு பசையில் விரல் படக்கூடாது. ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மேலே அலுமினியம் ஃபாயில் டேப், இரண்டு முனையிலும் விண்ட்ஷீல்டு ஒட்டும் பியூ சீலன்ட் ஒரு பொட்டு. அன்றைக்கு வண்டியைத் தண்ணீரில் இறக்காதீர்கள். இரண்டு வரிசையாக ஒட்டியிருந்தால் சக்கரத்தை மாட்டியதும் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, காலிப்பரில் இடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஈரோடு, பழைய ஜீப், இரும்பு டிஸ்க் (ரிம்): ரிம் ஓரத்தில் சுத்தியலால் அடிக்கிற கிளிப் வெயிட்தான் போடுகிறேன். கல்லுப் பாதையில் ஒன்றுகூட நிற்பதில்லை.

வெளி ஓரத்தில் போட்டால் எப்படி நிற்கும்? பாறை முதலில் உரசுவது அங்கேதான். பிடிப்புக்காகக் காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயரின் பக்கச்சுவர் பிதுங்கி கிளிப்பைத் தள்ளவும் செய்யும். உள் ஓரத்தில் கிளிப், வெளிப்பக்கத்துக்கு வேண்டியதை டிஸ்க்கின் உள்சுவரில் ஸ்டிக்கராக ஒட்டச் சொல்லுங்கள். மெஷினில் இந்த மாதிரி இடத்துக்குத் தனி மோட் உண்டு. ஒருமுறை பிடுங்கின கிளிப்பைத் திரும்ப அடிக்க விடாதீர்கள், அதில் பிடிப்பு போயிருக்கும்.

திருப்பூர், வி-கிராஸ்: மூன்று கடையில் மூன்று கணக்கு சொல்கிறார்கள் சார். யாரை நம்புவது?

யாரையும் நம்ப வேண்டாம், மெஷினைச் சோதியுங்கள். பேலன்ஸ் முடிந்து 0 காட்டியதும் மெஷின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை மட்டும் அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். 5, 10 கிராமுக்குள் வந்தால் சரி. 30, 40 என்று காட்டினால் சக்கரம் நடுவில் உட்காரவில்லை. பெரிய டயரில் இந்தக் கோளாறுதான் அதிகம். சக்கரமே 25 கிலோவுக்கு மேல் இருக்கும். மெஷின் தண்டில் சக்கரத்தை நடுவில் உட்காரவைக்கும் கோன் சின்னதாக இருந்து, அதில் தொங்கவிட்டு இறுக்கினால் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். கோன் உள்பக்கத்திலிருந்து வர வேண்டும், நட்டை இறுக்கும்போது சக்கரத்தைக் கையால் தூக்கிக்கொடுத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். பல மெஷின்கள் 5 கிராமுக்குக் கீழே இருப்பதை மறைத்து 0 காட்டும். ‘ஃபைன்’ பட்டனை அழுத்தினால் மிச்சம் தெரியும்.

ஒரு சக்கரத்துக்கு 200 கிராமுக்கு மேல் கேட்டால் ஈயத்தை வரிசையாக ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். காற்றை இறக்கி, டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது லேசான இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். சிவப்புப் புள்ளி வேறு சமாசாரம்: டயர் அதிகம் முட்டுகிற இடம். ரிம்மின் பள்ளமான இடத்தில் குறி இருந்தால் அதற்கு நேரே வைப்பார்கள். அந்த முட்டலை எந்த ஈயமும் சரிசெய்யாது.

கோத்தகிரி, ஜிம்னி: ஒரு குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கையிலிருந்து பிய்த்துக்கொள்ளும் அளவுக்கு ஆடுகிறது. வண்டியை நிறுத்தினால்தான் அடங்குகிறது. மறுபடி பேலன்ஸ் பண்ணட்டுமா?

வேண்டாம். முதலில் வண்டியை ஓட்டாதீர்கள். ஜிம்னிக்கு முன்பக்கம் முழு அச்சு. கிங்பின் பேரிங், பேனார்டு ராடு புஷ், டை ராடு எண்ட் இதில் எங்கேயோ ஆட்டம் இருக்கிறது. நல்ல சஸ்பென்ஷன் மெக்கானிக்கிடம் போங்கள். ஸ்டியரிங் டேம்பரை மட்டும் மாற்றினால் நோய் மறையும், போகாது.

சேலம், தார்: ஆஃப்ரோடு போய் வந்ததிலிருந்து நடுக்கம்.

ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள்.

சேலம், அதே தார்: கழுவிவிட்டேன். வெயிட் எல்லாம் இருக்கிறது. நடுக்கமும் இருக்கிறது.

இது நல்ல கேள்வி. காற்றை இறக்கி ஓட்டினீர்களா? குறைந்த காற்றில் மேட்டில் திணறும்போது ரிம் சுற்றும், டயர் கொஞ்சம் பின்தங்கும். வெயிட் அதே இடத்தில் இருக்க, டயரின் பாரம் இடம் மாறிவிடும். அடுத்த முறை பேலன்ஸ் முடிந்ததும் டயரிலும் ரிம்மிலும் சேர்த்து வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் மறுபடி பேலன்சிங்.

ஓசூர்: எங்கள் ஜே.சி.பி. டயருக்கு பேலன்சிங் உண்டா?

அந்த வேகத்துக்குத் தேவையில்லை.

கோவை, குர்க்கா: எதற்கு இந்த ஈயப் பஞ்சாயத்து? டயருக்குள் பேலன்சிங் மணி (குட்டி உருண்டைகள்) போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை. கடைக்காரர்களுக்கு வருமானம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

சொல்கிறேன், வருமானம் அப்படியொன்றும் கொட்டவில்லை. மணி வேலை செய்யும் தத்துவம் உண்மை. அச்சும் சக்கரமும் நொடிக்கு இத்தனை முறை என்று தானாகத் துள்ளும், அந்தக் கணக்கைத் தாண்டிய வேகத்தில் சக்கரம் சுற்றினால் மணிகள் லேசான பக்கம் போய்ச் சேரும். அதற்குக் கீழே சுற்றினால் பாரமான பக்கமே போகும். 33 அங்குல டயர் 100 கி.மீ.-ல் நொடிக்குப் பத்துச் சுற்றுக்குச் சற்று மேல். அச்சு தானாகத் துள்ளுவதும் ஏறக்குறைய அதே வட்டாரம்தான். நாம் ஓட்டும் வேகத்தில் மணி எந்தப் பக்கம் போகும் என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

கோவை, குர்க்கா: அமெரிக்காவில் 37 அங்குல டயருக்கெல்லாம் அதுதான் போடுகிறார்கள். அவர்கள் முட்டாள்களா?

யாரையும் முட்டாள் என்று சொல்லவில்லை. மேலும் கீழும் துள்ளுவதை மணி ஓரளவு அடக்கும். சக்கரம் இடவலமாக ஆடுவது உள், வெளி ஓரங்களின் பாரம் பொருந்தாததால் வருவது. அகலமான டயரில் அதுதான் தொல்லை, அதில் மணி அவ்வளவாக உதவாது. இன்னொன்று, நம் ஊர்ப் பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்றோடு தண்ணீரும் வரும். ஈரம் பட்டால் மணி கட்டியாகி ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நீங்களே காசு கொடுத்து அன்பேலன்ஸ் வாங்கிய கதைதான். வடிகட்டி வைத்த வால்வு ஊசி போடாவிட்டால் காற்றை இறக்கும்போது மணி வால்வில் சிக்கும். நீங்களோ வாராவாரம் காற்றை இறக்குகிறவர். உங்கள் வண்டியில் நன்றாக ஓடுகிறது என்றால் சந்தோஷம், வைத்துக்கொள்ளுங்கள்.

கரூர், தார்: அப்படியானால் பஞ்சர் ஆகாமலிருக்க ஊற்றும் திரவம்?

நின்ற இடத்தில் அடியில் தேங்கும், கிளம்பியதும் உதறும். மணியும் திரவமும் சேர்ந்தால் களிதான். பேலன்சிங்குக்கு வரும்போது திரவம் ஊற்றியதைத் தயவுசெய்து முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாமக்கல்: ஸ்டிக்கர் வெயிட் விழுந்துவிட்டது, 90-ல் நடுக்கம்.

முதல் பதில். அதற்கு முன்னால் ரிம்மின் உள்பக்கம்.

மதுரை, தார்: பேலன்ஸ் சரி, வெயிட் சரி, ரிம்மையும் கழுவிவிட்டேன், திட்டாதீர்கள். ஆக்சிலரேட்டர் மிதித்தால் மட்டும் அதிர்வு. லிஃப்ட் கிட் போட்டிருக்கிறேன்.

விட்டதும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் சக்கரம் இல்லை. வண்டியை உயர்த்தியதில் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்மானம் மாறியிருக்கும். அதன் கிராஸ் ஜாயின்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்தால் மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். எப்போதும் சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம், ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம்.

திண்டுக்கல்: 35 அங்குலம் போட்டால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படித்துவிட்டு அவர்களிடமே கேளுங்கள்.

ஈரோடு, பழைய ஜீப்: ஸ்டெப்னியையும் பேலன்ஸ் பண்ண வேண்டுமா?

ஆமாம். ஐந்தையும் சேர்த்து மாற்றி மாற்றிப் போடுங்கள், 8,000 கி.மீ.க்குள் ஒருமுறை. மட் டெரைன் கட்டைகள் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்துவிட்டால் அந்த டயரை நான் எத்தனை முறை மெஷினில் ஏற்றினாலும் சத்தமும் நடுக்கமும் போகாது. பின்கதவில் தொங்குகிற டயர்தானே என்று விட்டுவிட்டு, நடுவழியில் அதை முன்னால் மாட்டிக்கொண்டு எனக்கு போன் பண்ணாதீர்கள்.