பெல்கிரேடில் ஒரு சின்ன ஓவிய அருங்காட்சியகம்: ஒன்றரை மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: அலுவலக வேலையாக இரண்டு வாரம் செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடுக்குப் போகிறேன். மனைவியும் 11 வயது மகளும் கூட வருகிறார்கள். மகள் நன்றாக வரைவாள். நாங்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில், க்னெஸ் மிஹாயிலோவா தெருவில், செர்பிய நவீன ஓவியங்களுக்கென்றே செப்டர் அருங்காட்சியகம் என்று ஒன்று இருப்பதாக அறிந்தேன். எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது, செர்பிய மொழியும் தெரியாது. வாரக் கடைசியில் ஒரு மாலைதான் கையில் இருக்கிறது. போகலாமா? போனால் எப்படிப் பார்க்க வேண்டும்? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தாராளமாகப் போங்கள். ஒன்றும் தெரியாமல் போகிறவருக்குப் பெரிய அருங்காட்சியகத்தைவிடச் சின்னதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். பெரிய இடத்தில் கால் வலிதான் மிஞ்சும். நூறு படங்களைக் கடந்து நடப்போம், வெளியே வந்ததும் ஒன்றுகூட நினைவில் நிற்காது. சின்ன இடத்தில் முழுவதையும் ஒரு முறை சுற்றிவிட்டு, பிடித்ததைப் பார்க்க மறுபடியும் திரும்பி வரலாம். ஓவியம் பார்ப்பதில் அந்த இரண்டாவது பார்வைக்குத்தான் பலன்.

முதலில் இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மத்லேனா செப்டர் என்ற பெண்மணி நிறுவி 2010-இல் திறந்த தனியார் அருங்காட்சியகம் இது. பாத்திரக் கடைகளில் பார்த்திருப்பீர்களே, அதே செப்டர் குடும்பம்தான். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இன்றுவரையிலான செர்பிய ஓவியங்களும் சிற்பங்களும்தான் இதன் சேகரிப்பு. திறந்த ஆண்டைக் கவனியுங்கள். நகரத்தின் தேசிய அருங்காட்சியகம் புதுப்பிப்பு வேலைக்காக 2003-இல் மூடி 2018-இல்தான் மறுபடி திறந்தது. சமகாலக் கலைக்கென்றே உள்ள பெரிய அருங்காட்சியகமும் 2007 முதல் 2017 வரை பூட்டிக் கிடந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் நாட்டு ஓவியர்களின் படங்களை அந்த இரண்டு இடங்களிலும் பார்க்காமலேயே பள்ளிப் படிப்பை முடித்திருப்பார்கள். அந்த நேரத்தில், நகரத்தின் நடுவில், ஜனங்கள் காலாற நடக்கும் தெருவில் இந்தக் கதவு திறந்தது. சின்ன அருங்காட்சியகம்தானே என்ற அலட்சியத்தோடு உள்ளே போகாதீர்கள். அது எடுத்துக்கொண்ட வேலை பெரியது.

போகிற வழியைப் பற்றிக் கவலையே வேண்டாம். க்னெஸ் மிஹாயிலோவாவில் வண்டிகள் கிடையாது, முழுக்க நடைபாதைத் தெரு. ஒரு முனையில் தெராசியே சதுக்கம், மறுமுனையில் காலெமெக்தான் கோட்டைப் பூங்கா. கதவிலக்கம் 42. பெல்கிரேடில் 2025 ஜனவரியிலிருந்து நகரப் பேருந்துகளும் டிராம்களும் இலவசம், தூரத்தில் தங்கினாலும் சிரமமில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்த ஊரில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்தான் விடுமுறை. சமகாலக் கலையின் பெரிய அருங்காட்சியகத்துக்கு மட்டும் செவ்வாய். முந்தின நாள் இரவே இணையத்தில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி ஒரு தடையே இல்லை. பெயர்ச்சீட்டில் என்ன இருக்கும்? ஓவியர் பெயர், படத்தின் தலைப்பு, ஆண்டு, எதில் செய்தது, எத்தனை சென்டிமீட்டர். அவ்வளவுதான். நாலைந்து சொற்கள் தெரிந்தால் போதும். ‘ஊல்யே நா ப்ளாத்னு’ என்றால் துணியில் எண்ணெய் வண்ணம். ‘கொம்பினோவனா தெஹ்னிகா’ என்றால் பல பொருள்களைக் கலந்து செய்தது. ‘பெஸ் நாசிவா’ என்று இருந்தால் படத்துக்குத் தலைப்பு இல்லை, ஓவியர் உங்கள் கண்ணையே நம்பி விட்டுவிட்டார் என்று பொருள். செர்பிய மொழியை இரண்டு எழுத்து முறைகளில் எழுதுவார்கள். ஆங்கில எழுத்தில் இருந்தால் கூட்டிப் படித்துவிடலாம். ரஷ்ய எழுத்தைப் போன்ற சிரிலிக்கில் இருந்தால், ஆங்கில ‘எச்’ மாதிரி தெரிவது ‘ன’ ஒலி, ‘சி’ மாதிரி தெரிவது ‘ஸ’ ஒலி என்பதை நினைவில் வையுங்கள், பாதிப் பெயர்கள் பிடிபட்டுவிடும். ஆனால் பெயரின் கடைசியை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். போபோவிச் என்றால் பாதிரியார் வீட்டுப் பிள்ளை என்று பொருள். நம் ஊரில் முருகன் மாதிரி, தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். மிச்சா போபோவிச் வேறு, லியூபா போபோவிச் வேறு. இருவரும் பெரிய ஓவியர்கள், இரண்டு பேர் கைக்கும் துளி ஒற்றுமை கிடையாது. முன்பெயரைப் படியுங்கள்.

படம் எடுக்க ஆசைப்பட்டால் கைப்பேசியைக் காட்டி ‘மோஜே?’ என்று கேளுங்கள். ‘செய்யலாமா’ என்பதற்கு அங்கே அந்த ஒற்றைச் சொல் போதும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

சரி, உள்ளே போனபின் என்ன செய்வது?

முதல் கால் மணி நேரம் ஒரு பெயர்ச்சீட்டையும் படிக்காதீர்கள். எல்லா அறைகளையும் நடை வேகத்தில் சுற்றி வாருங்கள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு படத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிடித்த படமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, எரிச்சலூட்டியதாகவும் இருக்கலாம். அப்புறம் ஒவ்வொருவரின் படத்துக்கும் மூவரும் சேர்ந்து திரும்பிப் போய், ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் நில்லுங்கள். பத்து நிமிடம் என்பது நிற்கும்போது நீளமாகத் தெரியும். முதல் இரண்டு நிமிடத்தில் ‘என்ன இது’ என்று தோன்றும். ஐந்தாவது நிமிடத்தில், எந்த இடத்தில் தூரிகை வேகமாகப் போயிருக்கிறது, எந்த இடத்தில் ஓவியர் தயங்கி அழித்திருக்கிறார் என்பது கண்ணில் படத் தொடங்கும். வரையத் தெரிந்த உங்கள் மகளுக்கு அது உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அவளைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள்.

ஒரே ஓர் ஆண்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள்: 1948. இரண்டாம் உலகப் போருக்குப் பின், செர்பியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா கம்யூனிஸ்ட் நாடானது. தொழிலாளி சிரித்த முகத்தோடு மண்வெட்டியைத் தூக்கி நிற்பது போன்ற படங்களைத்தான் ஓவியர்கள் வரைய வேண்டும் என்ற சோவியத் வழக்கம் அங்கும் வந்தது. 1948-இல் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்கும் சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கும் முறிவு. அதற்குப் பிறகு அந்த வழக்கத்தின் பிடி மெல்லத் தளர்ந்தது. 1951-இல் பேதர் லுபார்தா என்ற ஓவியர் பெல்கிரேடில் வைத்த கண்காட்சியைத்தான் திருப்புமுனையாகச் சொல்வார்கள். அவர் பிறந்த மொன்டெனெக்ரோவின் பாறைகளும் மலைகளும் அதில் பாறையாகவும் மலையாகவும் இல்லை. கூரான வடிவங்களாக, கனத்த நிறங்களாக மாறியிருந்தன. ஒரு சோஷலிச நாட்டில் அரூப ஓவியம், அதாவது எதையும் உள்ளது உள்ளபடி காட்டாத ஓவியம், வெளிச்சத்துக்கு வந்தது அப்படித்தான்.

சிலர் 1948 வரைகூடக் காத்திருக்கவில்லை. மிச்சா போபோவிச், பாத்தா மிஹாயிலோவிச், பேதர் ஓம்ச்சிகுஸ் ஆகியோரும் அவர்களுடைய நண்பர்களும் 1947-லேயே பெல்கிரேட் கலைக்கழக வகுப்பை விட்டுக் கிளம்பி, அட்ரியாட்டிக் கடற்கரையில் ஸதார் என்ற ஊருக்குப் போய்த் தங்கி, இஷ்டப்படி வரைந்தார்கள். கலைக்கழகம் அவர்களை நீக்கியது. இன்று செர்பியக் கலை வரலாற்றை அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு எழுத முடியாது.

இப்போது, உங்களுக்கு அதிகம் குழப்பம் தரப்போகும் வகைக்கு வருகிறேன். 1950-களின் கடைசியிலும் 60-களிலும் செய்யப்பட்ட, கறுப்பும் பழுப்புமாக, மணல், தார், சிமென்ட், சாக்குத்துணி எல்லாம் அப்பிய படங்களைப் பார்ப்பீர்கள். ‘எங்கள் வீட்டுப் பின்சுவரே இதைவிட நன்றாக இருக்குமே’ என்று தோன்றும். அந்த நினைப்பைத் தள்ளிவிடாதீர்கள், அதுதான் சரியான வாசல். காரை பெயர்ந்த சுவரை நாம் எதன் படமாகவும் பார்ப்பதில்லை. மழையும் வருஷங்களும் அதன்மேல் என்ன செய்திருக்கின்றன என்று பார்க்கிறோம். இந்த ஓவியர்கள் கேட்டதும் அதைத்தான். இந்த வகைக்கு ‘என்ஃபோர்மெல்’ என்று பெயர், உருவமற்றது என்று பொருள். 1963 தொடக்கத்தில் டிட்டோவே அரூபக் கலையைக் கண்டித்துப் பேசினார். அப்படியும் அது அழியவில்லை. முன்னால் நின்று பார்த்தது போதும் என்று தோன்றும்போது, படத்தின் பக்கவாட்டில் போய் நின்று வெளிச்சம் அதன்மேல் சாய்ந்து விழுவதைப் பாருங்கள். மேடு பள்ளம் எல்லாம் எழுந்து நிற்கும்.

சிற்பத்தில் இதற்கு இணை ஓல்கா யெவ்ரிச். 1922-இல் பெல்கிரேடில் பிறந்தவர், 2014-இல் மறைந்தார். 1958-இல் வெனிஸ் பியென்னாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் யூகோஸ்லாவியாவின் சார்பில் இடம்பெற்றவர். சிமென்டையும் இரும்புத் துருப்பொடியையும் கலந்து கனத்த கட்டிகள் செய்து, அவற்றை இரும்புக் கம்பிகளாலும் ஆணிகளாலும் கோத்து நிறுத்துவார். இடிந்த வீட்டின் கான்கிரீட்டிலிருந்து கம்பி துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அந்த வலி அவர் சிற்பங்களில் இருக்கும். போரில் நொறுங்கிய நகரத்தில் வாழ்ந்தவர் செய்தவை. என்னைக் கேட்டால், செர்பியக் கலையில் ஒருவரை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் யெவ்ரிச்சைத்தான் தேடச் சொல்வேன். சிற்பத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நடங்கள். ஒரு பக்கத்திலிருந்து விழப்போவது போல் இருப்பது மறுபக்கத்திலிருந்து உறுதியாக நிற்கும்.

அடுத்து ‘மெதியாலா’. 1950-களில் பெல்கிரேடில் சேர்ந்த ஒரு நண்பர் குழு. எல்லோரும் அரூபத்தை நோக்கி ஓடிய நேரத்தில் இவர்கள் பழைய ஐரோப்பிய ஓவியர்களின் நுணுக்கத்தோடு, கனவும் கெட்ட கனவுமாக உருவங்களை வரைந்தார்கள். லியோனித் ஷேய்கா கட்டடக்கலை படித்தவர். குப்பைமேடும் பொருள்கள் குவிந்த கிடங்கும் அவருக்கு உலகத்தின் உருவம். 38 வயதிலேயே, 1970-இல் இறந்துபோனார். ஓல்யா இவானிட்ஸ்கி ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண், அந்தக் குழுவின் முக்கியமான குரல். தாதோ ஜூரிச், லியூபா போபோவிச், வ்ளாதிமிர் வெலிச்கோவிச் மூவரும் இந்தச் சூழலிலிருந்து பாரிஸ் போய்ப் பெயர் பெற்றவர்கள்.

குழந்தையோடு போகிறீர்கள் என்பதால் இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெலிச்கோவிச்சின் படங்களில் தலையில்லாத உடல்கள் ஓடும். எலிகள், காக்கைகள், தூக்குமரம் வரும். 1935-இல் பிறந்தவர், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த பெல்கிரேடில் சிறுவனாக வளர்ந்தவர். அந்தக் கறுப்பு வானமும் ரத்தச் சிவப்பும் வெறும் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. லியூபாவின் படங்களில் நிர்வாணமும் காமமும் உண்டு. முதல் சுற்றை நீங்களோ மனைவியோ ஓர் அறை முன்னால் போய்ப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிடுங்கள். மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 11 வயதுக்கு அந்த ஓடும் மனிதனைப் பற்றி ‘இவன் எதைக் கண்டு ஓடுகிறான்?’ என்று கேட்டுப் பேசலாம். ஆனால் நீங்கள் தயாராக இருக்கும்போது பேசுவது நல்லது.

மகளுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள். பேனா வேண்டாம், கலைப்பொருள்களுக்குப் பக்கத்தில் மையை விரும்ப மாட்டார்கள். முழுப் படத்தையும் பார்த்து வரையச் சொல்லாதீர்கள். ஒரு மூலை, ஒரு கை, ஒரு கோடு போதும்.

மிச்சா போபோவிச்சின் பிற்கால ஓவியங்கள் கிடைத்தால் உங்களுக்கு நெருக்கமாக இருக்கும். அரூபத்தை விட்டுவிட்டு அவர் சாதாரண மனிதர்களை வரைய வந்தார். க்வோஸ்தென் என்று ஒருவனைத் திரும்பத் திரும்ப வரைந்தார். இரும்பாலானவன் என்று அந்தப் பெயருக்குப் பொருள். பிழைப்புக்காக ஜெர்மனிக்குக் கூலிவேலைக்குப் போகிற செர்பியக் கிராமத்தான் அவன். வளைகுடாவுக்குப் பெட்டி கட்டிய ஒருவராவது உள்ள தெருவில் வளர்ந்த நமக்கு அந்த முகத்தைப் புரிந்துகொள்ள விளக்கவுரை எதற்கு? 1974-இல் அவர் பெல்கிரேடில் வைக்க இருந்த கண்காட்சி, டிட்டோவை வரைந்த ஒரு படத்தின் காரணமாகத் திறக்க முடியாமலே போனது. லுபார்தாவுக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் எப்போதும் திறந்திருக்கவில்லை.

சுவரில் என்ன தொங்குகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறும். நான் சொன்ன பெயர்களில் மூன்று கண்ணில் பட்டாலும் போதும். உலகப் புகழ்பெற்ற நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச்சை மட்டும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். அவர் பெல்கிரேடுக்காரர்தான். ஆனால் அவருடைய ஆரம்பக் கலை சுவரில் மாட்டுவதல்ல, உடம்பால் நிகழ்த்துவது. 1974-இல் எரியும் நட்சத்திர வடிவச் சட்டத்துக்கு நடுவில் படுத்து, மூச்சுக்காற்று இல்லாமல் நினைவிழந்தது இதே நகரின் மாணவர் பண்பாட்டு மையத்தில்.

ஒன்றரை மணி நேரம் போதும். அதற்குமேல் கண் களைத்துவிடும். வெளியே வந்து வலப்பக்கமா இடப்பக்கமா என்று பார்க்காமல் ஜனம் போகிற திசையில் கோட்டைப் பூங்காவுக்கு நடங்கள். சாவா ஆறு தான்யூப் ஆற்றில் கலக்கும் இடம் கீழே தெரியும். சாவாவின் அந்தக் கரையில், மரங்களுக்கு நடுவே, படிகக் கட்டிகளைச் சாய்த்து அடுக்கியது போல ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கிறது. இவான் அந்திச்சும் இவான்கா ரஸ்போபோவிச்சும் வடிவமைத்து 1965-இல் திறந்த சமகாலக் கலை அருங்காட்சியகம் அதுதான். இரண்டு வாரத்தில் இன்னொரு அரை நாள் கிடைத்தால், செவ்வாயாக இல்லாமல் பார்த்து, மகள் அன்று நோட்டில் வரைந்த பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். அதே ஓவியர்களின் வேறு படங்களை அவளே உங்களுக்கு அடையாளம் காட்டுவாள்.