கருப்பட்டிக் காப்பியும் ஸ்வீட்னர் மாத்திரையும்: மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. சர்க்கரை நோய் உறுதியானதும் வெள்ளைச் சர்க்கரையை அறவே விட்டுவிட்டேன். நாள்தோறும் நான்கு வேளையும் கருப்பட்டிக் காப்பிதான். ஆயினும் மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. மகன் வாங்கித் தந்த ஸ்வீட்னர் மாத்திரையைத் தொடவும் பயமாக இருக்கிறது. அதனால் புற்றுநோய் வரும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: பதநீரைக் காய்ச்சினாலும் கரும்புச்சாற்றைக் காய்ச்சினாலும் மிஞ்சுவதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். கருப்பட்டியில் தாதுக்கள் சிறிதளவு உண்டு என்றாலும், காப்பியில் கலக்கும் அளவுக்கு அவற்றால் சொல்லத்தக்க பயன் ஏதும் இல்லை. நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். தேனிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், அதன் வகைதான் வேறு. வேளைக்கு இரண்டு தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் காப்பியின் வழியாகவே நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. அதுவும் நோயில்லாதவர்களையும் உள்ளிட்ட பொது வரம்பு.

அடுத்து, மாத்திரை. 2023 ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பல ஸ்வீட்னர் மாத்திரைகளில் உள்ள அஸ்பார்டேம் என்னும் செயற்கை இனிப்பை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்னும் 2பி பிரிவில் சேர்த்த பிறகு இந்த அச்சம் மேலும் பரவியது. சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே அந்தப் பிரிவு குறிக்கிறது. ஆபத்து எவ்வளவு என்பதை அன்று. உடல்நலத்துக்கென்று பலர் விரும்பிக் குடிக்கும் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது என்பதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. அதே மாதம் உணவில் சேர்க்கப்படும் பொருட்களுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றாமல் வைத்துக்கொண்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். மாத்திரைக்குச் சுமார் 20 மில்லிகிராம் என்று கொண்டால் நாளொன்றுக்கு 120 மாத்திரைகள் ஆகும். ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

உடல் எடையைக் குறைப்பதற்காக ஸ்வீட்னர்களை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. நீண்ட காலத்தில் எடை குறைவதற்குத் தெளிவான சான்று இல்லை என்பதே காரணம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லப்பட்டுள்ளது. ஆகவே நீங்கள் காப்பிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். ஆனால் என் விருப்பம், கருப்பட்டியை விட்டு மாத்திரைக்கு மாறி அங்கேயே நின்றுவிடாமல், இனிப்பின் அளவையே வாரம் வாரம் குறைத்து வருவதுதான். நல்ல டிகாக்ஷன் இருந்தால் நாக்கு விரைவில் பழகிவிடும். இட்லி, சோறு ஆகியவற்றின் அளவையும் கவனியுங்கள். காப்பியை மட்டும் திருத்தி 8-ஐ இறக்கிவிட முடியாது.

கேள்வி: 'சுகர் ஃப்ரீ' இனிப்புகளைச் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: தாராளமாகக் கூடாது. சர்க்கரையை நீக்கினாலும் மைதாவும் கடலைமாவும் நெய்யும் அப்படியே இருக்கின்றன. சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால் என்னும் இனிப்புப் பொருளைச் சேர்த்த பண்டங்களில் அந்த மால்டிடாலும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு உயர்த்தும், மிகுதியாகத் தின்றால் வயிற்றுப்போக்கும் உண்டாகும். பெட்டியின் பின்புறம் மொத்தக் கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.