கார்பன் 'அதிகம்', காப்பி இலை மஞ்சள்: சருகை எங்கே கொட்டுகிறீர்கள்?

கேள்வி: ஐயா, வணக்கம். பண்ணைக்காடு பக்கம் 3 ஏக்கரில் அரபிகா காப்பி, ஊடே மிளகு. அப்பா காலத்துப் பலா, கல்யாண முருங்கையை எல்லாம் எடுத்துவிட்டு முழுக்க சில்வர் ஓக் வைத்திருக்கிறோம். இரண்டு வருடமாகக் காய் பிடித்த கிளைகளில் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மண் பரிசோதனை அட்டையில் கார்பன் 2.9 சதவீதம், 'அதிகம்' என்று இருக்கிறது. கார அமில நிலை (pH) 4.9. உரக்கடைக்காரர் சொன்னபடி பொட்டாஷை இரண்டு மடங்கு போட்டேன், மாற்றமில்லை. இப்போது ஹியூமிக் அமிலமும், காட்டு நுண்ணுயிர்க் கலவை என்று ஒரு டப்பாவும் வாங்கச் சொல்கிறார். அதற்குப் பதில் சோலைக்காட்டு மண்ணை ஒரு டிராக்டர் அள்ளி வந்து தூருக்குத் தூர் போடலாமா? தீக்குப் பயந்து தை, மாசியில் சருகைக் கூட்டி வேலியோரம் எரித்துவிடுகிறோம். அந்த இடத்துச் செடிகள் மட்டும் கரும்பச்சையாக நிற்கின்றன. 40 சில்வர் ஓக் மரத்தை விற்கவும் யோசனை இருக்கிறது.

பதில்: சோலை மண்ணைத் தொடாதீர்கள். காப்புக்காட்டில் மண் அள்ளுவது 1882-ஆம் வருடத்து வனச்சட்டப்படியே குற்றம். சட்டம் கிடக்கட்டும் என்றாலும் பலன் இல்லை. அங்கே மரத்தை வளர்ப்பது அந்த மண் மட்டுமல்ல, வருடம் முழுக்க அதன்மேல் விழுந்துகொண்டே இருக்கும் இலை. அதை விட்டுவிட்டு மண்ணை மட்டும் கொண்டுவந்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். வெளி மண்ணோடு வேர் நூற்புழுவும் சேர்ந்து வரலாம். காப்பியைக் கெடுக்க அது போதும்.

மஞ்சளுக்கு வருகிறேன். அடி இலை, நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள், அதுவும் காய்க்கிற கிளையில் என்றால் அது மெக்னீசியக் குறை. காய் முற்றும்போது செடி பக்கத்து இலையிலிருந்து மெக்னீசியத்தை உருவிக் காய்க்குக் கொடுத்துவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்) குறை என்றால் நரம்பையும் சேர்த்து இலை முழுக்க வெளுத்திருக்கும். உங்கள் அட்டையில் மெக்னீசியம் எங்கே என்று தேடாதீர்கள், இருக்காது. மண்வள அட்டையில் பார்க்கிற 12 இனங்களில் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) மெக்னீசியமும் இல்லை. இந்த நிலையில் பொட்டாஷை இரட்டிப்பாக்கச் சொன்னது எரிகிற வீட்டில் எண்ணெய். பொட்டாஷ் கூடினால் வேர் மெக்னீசியத்தை எடுப்பது குறையும். இந்த வருடம் அதை நிறுத்துங்கள்.

உடனடிக்கு, 200 லிட்டர் பேரலுக்கு ஒரு கிலோ மெக்னீசியம் சல்பேட் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். மூன்று, நான்கு வாரம் விட்டு இன்னொரு முறை. 4.9 அமிலத்துக்கு டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும், அதில் மெக்னீசியமும் சேர்ந்தே வரும். அளவை நான் இங்கே உட்கார்ந்து சொல்வது தவறு. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, சுண்ணாம்புத் தேவை என்று கேட்டு மண் கொடுங்கள். அப்படியே காய்க்கும் கிளைகளில் நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது ஜோடி இலைகளையும் பறித்துக் கொடுத்து இலைப் பரிசோதனை கேளுங்கள். டோலமைட் போட்ட கையோடு யூரியா போடாதீர்கள், தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும். வருடாவருடம் என்ன உரம் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தை முறிக்க சுமார் 110 கிலோ சுண்ணாம்பு வேண்டும். யூரியாவுக்கு ஏறக்குறைய 80. மூட்டையோடு இந்தக் கணக்கை எந்தக் கடையும் சொல்வதில்லை.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. வேலியோரச் செடி ஏன் கரும்பச்சை? உங்கள் தோட்டத்து மெக்னீசியம் அங்கேதான் இருக்கிறது. மூன்று ஏக்கர் நிழல் மரமும் ஆழத்திலிருந்து உறிஞ்சி இலையில் ஏற்றிய சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும், நீங்கள் கூட்டிய சருகோடு போய் அந்தச் சாம்பலில் உட்கார்ந்திருக்கின்றன. பத்து செடி தின்று கொழுக்கிறது, மற்றவை பட்டினி.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரம் இலையை உதிர்க்கும் முன், அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) ஏறக்குறையப் பாதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்தை அப்படி இழுக்க முடியாது, இலையோடு கீழே வந்தாக வேண்டும். சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், இதில் வேறு ரகம். அது எதோடும் கட்டுண்டு இருப்பதில்லை, மழை பெய்தாலே இலையிலிருந்து கழுவிக்கொண்டு இறங்கிவிடும். இறங்குவதையெல்லாம் சருகுக்கு அடியில் மெத்தைபோல் படர்ந்த நுண்வேர்களும், வெள்ளை நூல்போல் ஓடும் பூஞ்சையும் பிடித்து மறுபடி மேலே அனுப்புகின்றன. சோலை மண் பெரும்பாலும் அமில மண்தான், உங்கள் மண்ணைவிடப் பணக்கார மண் இல்லை. ஆனாலும் அங்கே மரம் செழிக்கிறது என்றால், இருப்பது கொஞ்சமே ஆனாலும் அது ஓயாமல் சுற்றுகிறது. அந்தச் சுற்றைத்தான் நீங்கள் விளக்குமாற்றால் அறுக்கிறீர்கள்.

நல்ல நிழல் உள்ள தோட்டத்தில் வருடத்துக்கு ஏக்கருக்கு 2 முதல் 4 டன் காய்ந்த சருகு விழும். ஒரு டன்னில் 10 முதல் 15 கிலோ தழைச்சத்து இருக்கும். எரித்தால் அதில் பெரும்பகுதியும், கந்தகமும் புகையாகப் போய்விடும். அதை ஈடுகட்ட மூட்டை மூட்டையாக யூரியா வாங்குகிறோம், யூரியா மண்ணை இன்னும் புளிக்க வைக்கிறது. கடைக்காரருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பாரா?

'கார்பன் அதிகம்' என்று அட்டை சொல்வதை நம்பி ஏமாறாதீர்கள். 0.75 சதவீதத்தைத் தாண்டினாலே அட்டையில் 'அதிகம்' என்று அச்சாகும். சமவெளி வயலுக்கு அந்த அளவுகோல் சரி. மலையில் குளிரால் மக்குவது மெதுவாக நடப்பதால் கார்பன் தானாகவே சேரும், எந்தத் தோட்டத்து மண்ணைக் கொடுத்தாலும் 'அதிகம்' என்றே வரும். அதில் பெரும்பங்கு களிமண்ணோடும் இரும்போடும் ஒட்டிக்கொண்ட பழைய கார்பன், பெட்டியில் பூட்டிய நகை மாதிரி. செடியின் அன்றாடச் செலவு இந்த வருடத்துச் சருகிலிருந்து வருகிறது.

ஹியூமிக் அமிலக் கணக்கையும் போட்டுவிடுவோம். 12 சதவீதக் கரைசல் ஒரு லிட்டரில் ஹியூமிக் 120 கிராம், அதில் கார்பன் பாதிக்குச் சற்று மேல். ஏக்கருக்கு ஐந்து லிட்டர் ஊற்றினாலும் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. உங்கள் ஒரு ஏக்கர் மேல்மண்ணில், அரையடி ஆழத்துக்குள், ஏற்கெனவே 15 டன்னுக்குக் குறையாமல் கார்பன் இருக்கிறது. காட்டு நுண்ணுயிர் டப்பாவுக்கும் இதே பதில். ஒரு பிடி மக்கின சருகில் இருக்கிற உயிரை எந்த டப்பாவும் அடைத்துத் தர முடியாது. அந்த உயிருக்குத் தீனி போடாமல் உயிரை மட்டும் விலைக்கு வாங்கச் சொல்கிறார்கள். வாங்காதீர்கள்.

தீப்பயம் நியாயமானது. மாசி, பங்குனியில் மேட்டுப் புல் பற்றினால் என்ன ஆகும் என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதற்கு எல்லையில் மட்டும் பத்தடி அகலத்துக்குச் சுத்தமாகக் கூட்டித் தீத்தடுப்புக் கோடு போடுங்கள். கூட்டிய சருகை வெளியே தள்ளாமல் உள்ளே கொண்டுவந்து, இரண்டு வரிசைக்கு நடுவே சரிவுக்குக் குறுக்காக நீளக்குழி எடுத்து நிரப்புங்கள். மேலே ஒரு கூடை மண் போட்டால் காற்றுக்கும் நெருப்புக்கும் கவலையில்லை. தூரை ஒட்டிக் குவிக்க வேண்டாம், அரையடி தள்ளியே இருக்கட்டும். இப்போது கிடக்கிற சாம்பலை வீணாக்காமல் எல்லா வரிசைக்கும் மெல்லியதாகத் தூவுங்கள். இதையும் யூரியாவோடு கலக்கக் கூடாது. பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் எந்திரத்திலிருந்து வரும் தோலையும் ஓடையில் தள்ளாமல் மக்கவைத்துத் திருப்பிப் போடுங்கள். காப்பிப் பழம் கொண்டுபோகிற சாம்பல் சத்தில் கணிசமான பங்கு அந்தத் தோலில் இருக்கிறது.

சில்வர் ஓக் மேல் எனக்குப் பகையில்லை. நேராக வளரும், மிளகு ஏறும், அவசரத்துக்கு விற்கலாம். அதன் கொத்துவேர் மண்ணில் இறுகிய மணிச்சத்தைக் கரைத்தெடுக்கும், அதுவும் உண்மை. ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தின் இலை முரடு, எளிதில் மக்காத லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம், மக்குவதற்குள் அடுத்த சருகு விழுந்துவிடும். மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ள, செடி காத்துக்கிடக்கும். கல்யாண முருங்கை இலை அதோடு கலந்து விழுந்தால் கதை வேறு. தழைச்சத்து நிறைந்த மெல்லிலை அது, தானும் சில வாரத்தில் கரைந்து முரட்டிலையையும் சேர்த்து இளக்கும். உங்கள் அப்பா வைத்திருந்த கலப்பு சும்மா வைத்ததில்லை. கல்யாண முருங்கையில் இலையை முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் குளவி வந்ததிலிருந்து அதை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். கிளைரிசிடியா, பலா, அத்தி என்று கலந்து வையுங்கள்.

மரம் விற்பதென்றால் 40-ஐயும் ஒரே வருடம் வெட்டாதீர்கள். வெயில் திடீரென்று விழுந்தால் அரபிகாவில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் ஏறும். முதலில் இடைவெளியில் கலப்பு மரங்களை நட்டு, அவை தலைக்குமேல் வந்தபின் வருடத்துக்குப் பத்தாக எடுங்கள். வியாபாரியிடம் பேசும்போது விலையோடு இதையும் பேசிக்கொள்ளுங்கள்: பட்டையைத் தோட்டத்திலேயே உரித்துப் போட வேண்டும், கிளை, கொண்டை எல்லாம் இங்கேயே கிடக்க வேண்டும், மரக்கட்டை மட்டும் லாரி ஏறலாம். மரத்தின் சுண்ணாம்புச் சத்து பட்டையில்தான் திரண்டிருக்கும். உரிக்கும் கூலி என்று சில நூறு ரூபாயைக் குறைத்தால் குறைக்கட்டும், டோலமைட் மூட்டையின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.