வெயில் ஏறினால் ஓணானுக்குக் கொண்டாட்டமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மலையில் வெயில் கூடுவதைப் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓணான், தவளை, பாம்பு பற்றித்தான். காட்டெருமையையும் கரடியையும் விட்டுவிட்டு நம் ஆட்கள் தவளையைப் பற்றிக் கேட்பது அபூர்வம், அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை.

மஞ்சூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: ஊர்வன எல்லாம் வெயிலை நம்பி வாழ்பவை. எங்கள் ஊர்க் குளிரில் அவை படும் பாட்டைப் பார்த்தால், கொஞ்சம் சூடு ஏறுவது அவற்றுக்கு நல்லதுதானே?

நியாயமான கேள்வி சார், பாதி சரியும்கூட. காலையில் முதல் வெயில் விழும் வேலி ஓரமாக நின்று பாருங்கள். முதுகில் முள் வரிசையோடு ஒரு ஓணான் உட்கார்ந்திருக்கும். கீழே சமவெளியில் பார்க்கும் ஓணான் இல்லை, சாலியா என்ற மலை ஓணான்; நீலகிரியில் இருப்பது சாலியா ஹார்ஸ்ஃபீல்டி, ஆனைமலை, பழனிமலைப் பக்கம் அதன் பங்காளி ஒன்று உண்டு. உடம்பைத் தட்டையாக்கி, விலாவை வெயிலுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் விரட்டினால் ஓட்டம் மந்தமாகத்தான் இருக்கும், தசை இன்னும் சூடாகவில்லை. அதே ஓணானை இரண்டு மணி நேரம் கழித்துத் தொட முயற்சி செய்து பாருங்கள், கை நீட்டுவதற்குள் ஆள் இருக்காது.

ஆக சூடு வேண்டும். ஆனால் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். உடல் சூடு ஏற ஏற ஓட்டம், செரிமானம், வளர்ச்சி எல்லாம் மெதுவாகக் கூடி ஓர் உச்சத்தைத் தொடும், அதற்கு மேல் சில டிகிரிக்குள்ளேயே மடமடவென்று விழுந்துவிடும். ஓணான் ஒன்றும் முட்டாள் இல்லை, அந்த எல்லை வரை வெயிலில் நிற்காது, புதருக்குள் நுழைந்துவிடும். அதனால் வெயிலில் செத்து விழுந்த ஓணானை நாம் பார்ப்பதே இல்லை, பார்க்காததால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அது நிழலில் பதுங்கியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இரை பிடிக்காத நேரம் என்பதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

மெக்சிகோவில் எடுத்தார்கள். அங்கே முள் ஓணான்கள் வாழ்ந்த 200 இடங்களுக்கு ஆய்வாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்தபோது, 1975-க்குப் பிறகு 12 சதவீத இடங்களில் அவை இல்லாமலே போயிருந்தன. 2010-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு அது. குட்டியும் முட்டையும் உருவாகும் பருவத்தில் பகலில் வெளியே நடமாட முடியாத மணி நேரம் கூடிவிட்டது, வேண்டிய தீனி கிடைக்கவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். குட்டி போடும் இனங்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல் என்றும் சொன்னார்கள், அதற்குக் கீழே வருகிறேன்.

இன்னொன்று, இரவு. பகல் வெயிலைப் பற்றியே பேசுகிறோம், இரவுக் குளிர் குறைவதை யாரும் கவனிப்பதில்லை. சூடு 10 டிகிரி கூடினால் இந்தப் பிராணிகளின் உடல் செலவு ஏறக்குறைய 2 முதல் 3 மடங்கு ஆகும். குளிரான இரவில் ஓணான் ஒன்றும் செய்யாமல், ஒன்றும் செலவழிக்காமல் கிடக்கும். இரவு வெதுவெதுப்பானால் ஒன்றும் செய்யாமலே செலவழிக்கும். கடையைப் பூட்டிய பிறகும் மீட்டர் ஓடுகிற கதைதான். பகலில் வரவு குறைகிறது, இரவில் செலவு ஏறுகிறது, அப்புறம் முட்டைக்குப் போட வேண்டிய கொழுப்பு எங்கிருந்து வரும்?

குன்னூர் வாசகி: மழை தொடங்கினால் சாயங்காலம் வேலிச் செடிகளில் இருந்து "டிக் டிக்" என்று சத்தம் வரும். தவளை என்கிறார்கள். பக்கத்தில் குளமோ ஓடையோ கிடையாது. முட்டை எங்கே இடும்? வெயில் கூடினால் இவை என்னவாகும்?

அம்மா, அது பெரும்பாலும் புதர்த் தவளை, ரார்கெஸ்டிஸ் என்ற வகை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அதிகம். இதற்குக் குளமே தேவையில்லை. ஈரமான மண்ணிலோ இலையிலோ முட்டை இடும், தலைப்பிரட்டை என்ற கட்டமே வெளியே கிடையாது, முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, குட்டித் தவளையாகத்தான் வெளியே வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த வகையில் பல இனங்கள் உண்டு, சில ஒரே ஒரு மலையை விட்டு வேறு எங்கும் கிடையாது.

குளம் தேவையில்லை என்பது வசதி, அதுவே வம்பும். முட்டைக்கு ஓடு இல்லை, வெறும் ஜெல்லி. காற்று காய்ந்தால் முட்டையும் காயும். பெரிய தவளைக்கும் அதே கதிதான், ஏனென்றால் அதன் தோல் மூச்சு விடும் உறுப்பு, அதனால் எப்போதும் ஈரமாக இருந்தாக வேண்டும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலை ஈர மண்ணில் அழுத்தி உறிஞ்சிக்கொள்ளும். வறட்சியான நாளில் ஒரு புதர்த் தவளையைப் பகலில் பார்க்கக் கிடைத்தால் கவனியுங்கள்: நான்கு கால்களையும் உடம்புக்கு அடியில் மடித்து, தாடையை இலையோடு ஒட்டி, கண்ணை மூடி, ஒரு பொட்டலமாக உட்கார்ந்திருக்கும். தூங்குகிறது என்று நினைப்போம். காற்று படும் தோலின் பரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். மழை அதே அளவு பெய்தாலும், மழைக்கும் மழைக்கும் நடுவே உள்ள நாட்களில் சூடான காற்று இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் தவளையின் தோலிலிருந்தும் அதிகமாக உறிஞ்சும். தவளைக்குச் சூட்டைவிட இந்த வறட்சிதான் எமன் என்பது என் கருத்து. ஈரம் இருந்தால் தோலிலிருந்து நீர் ஆவியாவதால் உடம்பு தானாகவே குளிரும், ஈரம் இல்லை என்றால் குளிர்ச்சியும் போச்சு, மூச்சும் போச்சு. சத்தமும் மாறும், சூடான மாலையில் "டிக் டிக்" வேகமாக வரும், குளிரில் இழுத்து இழுத்து வரும். காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

2023-இல் உலகம் முழுக்க உள்ள தவளை, தேரை போன்ற இருவாழ்விகளைக் கணக்கெடுத்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சுமார் 41 சதவீத இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. 2004-க்குப் பிறகு நிலைமை மோசமான இனங்களில் 39 சதவீதத்துக்கு முக்கியக் காரணம் காலநிலை மாற்றம்.

கொடைக்கானல் வாசகர்: உறைபனி குறைந்தால் தவளைக்கு லாபம்தானே?

இல்லை. குளிரில் அதன் பசியும் சுருங்கிவிடும், சேர்த்து வைத்த கொழுப்பு தீராது. குளிர்காலம் வெதுவெதுப்பாகி, பூச்சி மட்டும் கூடாமல் போனால் கையிருப்பு கரையும். இங்கிலாந்தில் டார்செட் பகுதித் தேரைகளை 1983 முதல் 2005 வரை தொடர்ந்து பார்த்ததில், சூடான ஆண்டுகள் கூடக்கூடப் பெண் தேரைகள் இளைத்துப்போயின, முட்டையும் குறைந்தது.

கொடைக்கானல் எட்டாம் வகுப்பு மாணவர்: பள்ளிச் சுற்றுலாவில் அமராவதி முதலைப் பண்ணைக்குப் போனோம். முட்டையின் சூட்டை வைத்துத்தான் ஆணா பெண்ணா என்று முடிவாகும் என்றார்கள். உண்மையா?

உண்மைதான் தம்பி. அங்கே நீ பார்த்தது சதுப்புநில முதலை. அதற்கு ஆண், பெண் என்று பிரிக்கும் குரோமோசோம் கிடையாது, மணலில் முட்டை கிடக்கும்போது நடுவில் சில வாரங்கள் இருக்கும் சூடுதான் முடிவு செய்யும். சென்னை முதலைப் பண்ணையில் செய்த ஆய்வு 1989-இல் வெளியானது: 28 முதல் 31 டிகிரி வரை வைத்த முட்டைகள் எல்லாம் பெண், 32.5-இல் எல்லாம் ஆண், 31.5-இலும் 33-இலும் இரண்டும் கலந்து. ஒன்றரை டிகிரிக்குள் ஊரே மாறிவிடுகிறது, பார்த்தாயா.

கடலாமைக்கு இது தலைகீழ், சூடு ஏறினால் பெண். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண் என்று 2018-இல் கண்டார்கள். ஆஸ்திரேலியத் தாடி ஓணான் இன்னும் வேடிக்கை: அதற்குக் குரோமோசோம் உண்டு, ஆனால் முட்டை 32 டிகிரிக்கு மேல் போனால் ஆண் குரோமோசோம் உள்ள குஞ்சுகள்கூடப் பெண்ணாகிவிடும், அந்தப் பெண்கள் முட்டையும் இடும்! உங்கள் மலையில் வாழும் பாம்புகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவற்றுக்குக் குரோமோசோம்தான்.

ஊட்டி பக்கத்துக் காய்கறி விவசாயி: கேரட் பிடுங்கும்போது மண்ணுக்குள்ளிருந்து வால் மொட்டையான சின்னப் பாம்பு வருகிறது. ஆட்கள் இருதலைப் பாம்பு என்று அடித்துவிடுகிறார்கள். விஷமா? இதற்கும் வெயில் பாதிப்பு உண்டா?

விஷம் இல்லை அண்ணே, அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கேடயவால் பாம்பு வகை, மண்புழுதான் சாப்பாடு. ஊட்டித் தோட்டங்களில் வருவது அநேகமாக பிளக்ட்ரூரஸ் பெரோட்டெட்டி.

மண்ணுக்குள் இருப்பதால் பகல் வெயில் இதை நேராகத் தொடாது, ஒரு முழம் கீழே போனால் பகலுக்கும் இரவுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசமே இருக்காது. ஆனால் மேல்மண் காய்ந்தால் மண்புழு கீழே இறங்கிவிடும், பாம்பும் இறங்கித்தான் ஆக வேண்டும். இன்னொரு விஷயம், இது முட்டை இடாது, குட்டி போடும். மலையில் உள்ள குழிவிரியன்களும் பெரும்பாலும் அப்படித்தான். குளிர்ந்த மண்ணில் முட்டையை விட்டால் பொரிக்க வெகுநாள் ஆகும், அதனால் தாய் வயிற்றுக்குள்ளேயே வைத்து, சூடான இடமாகப் பார்த்து நகர்ந்து வளர்ப்பது குளிர்மலைக்கு நல்ல ஏற்பாடு. சூடு கூடும்போது அதே ஏற்பாடு திருப்பி அடிக்கும், ஏனென்றால் தாய்க்கு வந்த சூடு அத்தனை குட்டிக்கும் சேர்த்து வருகிறது.

கோத்தகிரி கல்லூரி மாணவி: சூடு கூடினால் பழகிக்கொள்ளாதா? இல்லையென்றால் இன்னும் மேலே ஏறிப் போகலாமே?

பழகும், ஆனால் குளிரைத் தாங்கப் பழகுவதுபோல் சூட்டைத் தாங்கப் பழகுவது எளிதில்லை. செல்லுக்குள் புரதங்கள் உருக்குலையாமல் காப்பாற்றும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் உண்டு, அவற்றைச் செய்யவும் சக்தி செலவாகும். உச்ச எல்லை கொஞ்சம்தான் நகரும்.

மேலே போவதா? கணக்குப் போடுவோம். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். 2 டிகிரி கூடினால் அதே குளிருக்கு 300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஊட்டி 2240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2637. மிச்சம் 400 மீட்டர்தான், உச்சிக்குப் போகப்போக இடமும் குறுகும், அதற்கு நடுவில் கற்பூர மரமும் சீகையும் ரோடும் ரிசார்ட்டும் இருக்கின்றன. அடுத்த மலைக்குத் தாவலாம் என்றால் பாலக்காட்டுக் கணவாயின் சூட்டைத் தாண்ட வேண்டும். அதனால்தான் ஓடைக்கரை மரத்தவளையான கட்டிக்சாலஸ் நீலகிரியில் ஓர் இனம், பழனிமலையில் வேறோர் இனம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பல யுகமாகிவிட்டது.

அதே குன்னூர் வாசகி: வீட்டுத் தோட்டத்தில் தொட்டி கட்டித் தண்ணீர் விடட்டுமா?

புதர்த் தவளைக்குத் தொட்டி வேண்டாம் அம்மா. உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் வேலி அடியிலேயே விட்டுவிடுங்கள், வேலியை அடியோடு வெட்டாதீர்கள், மழையில்லாத நாளில் சாயங்காலம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். செடிக்குப் பூச்சி மருந்து அடித்தால் அந்தத் தோல் வழியாக அதுவும் உள்ளே போகும். அப்புறம், வேறு ஊரிலிருந்து தவளையையோ தலைப்பிரட்டையையோ பாட்டிலில் பிடித்து வந்து விடாதீர்கள், தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை அப்படித்தான் ஊர் விட்டு ஊர் போகிறது. குளிர்ந்த ஈர மலை அதற்கும் பிடித்த இடம்.