மத்தியகாலக் கிறிஸ்தவத் தத்துவத்தின்படி மனிதன் இந்த வாழ்க்கையிலேயே நிறைவு அடைய முடியுமா?

பரீட்சைக்குத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சுருக்கமாக, பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவத் தத்துவவாதி தாமஸ் அக்குவினாஸ் கணக்கில் முழுப் பேரின்பம் கடவுளை நேரே காண்பதில்தான், அது இங்கே கிடையாது, இங்கே கிடைப்பது அரைகுறை. அருள் மனித இயல்பை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது. இவ்வளவு எழுதினால் மார்க் வந்துவிடும். மீதி என் கதை, அவசரமென்றால் விட்டுவிடுங்கள்.

நான் சாமியாருக்குப் படித்தவன். குருமடத்தில் ராத்திரி ஆன்ம சோதனைக்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். ஜெபத்தில் கவனம் சிதறினால் ஒரு கோடு, சாப்பாட்டில் இரண்டாவது முட்டைக்கு ஆசைப்பட்டால் ஒரு கோடு. ஒருநாள் எழுபதைத் தாண்டியது. "விண்ணகத் தந்தை நிறைவுள்ளவராய் இருப்பது போல நீங்களும் நிறைவுள்ளவராய் இருங்கள்" என்ற பைபிள் வசனம் மண்டைக்குள்ளேயே ஓடும், தூக்கம் போனது. தத்துவம் எடுத்த வயதான ஃபாதர் நோட்டைப் பார்த்தார். திட்டவில்லை. சும்மாவை எடுத்து (அக்குவினாஸ் கேள்வி கேள்வியாகப் பிரித்து எழுதிய இறையியல் நூல் 'சும்மா தியோலோஜியே'தான், இந்தப் பெயரை வைத்து நாங்கள் செய்யாத கேலி இல்லை) இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில் 184-வது கேள்வியைப் பிரித்தார். நிறைவு அங்கே மூன்று வகை. கடவுள் எவ்வளவு நேசிக்கத் தக்கவரோ அவ்வளவும் நேசிப்பது, அது கடவுளால் மட்டும் ஆகும். ஒரு நொடி விடாமல் மனம் முழுக்க அவர்மேல் இருப்பது, அது விண்ணகத்தில். அன்புக்கு எதிரானதையும், மனம் அவரிடம் போகத் தடையாக இருப்பதையும் விலக்குவது, இதுதான் இங்கே முடிந்தது. "நீ இரண்டாவதுக்குக் கணக்கு எழுதிக்கிட்டிருக்கே தம்பி" என்று நோட்டை வாங்கிக்கொண்டார். அப்புறம் அதில் சலவைக் கணக்கு எழுதினார்.

அதே கேள்வியில் இன்னொன்றும் உண்டு: 'நிறைவு நிலை' என்று பேர் பெற்ற துறவறத்தில் இருப்பவர் எல்லாரும் நிறைவானவர் இல்லை, வெளியிலும் நிறைவானவர் உண்டு. உடனே ஃபாதர்களைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், எழுதியவரே தொமினிக்கன் துறவி. இதைப் பெண் வீட்டாருக்கு யார் சொல்வது? நான் வெளியே வந்து பதினோரு வருஷம், இன்னமும் முதல் கேள்வி "ஏன் வெளிய வந்தீங்க, என்ன தப்பு பண்ணீங்க?" மூன்று சம்பந்தம் இதிலேயே போனது. பி.ஏ. தத்துவம் என்றால் இன்ஷூரன்ஸ் விற்கத்தான் கூப்பிடுகிறார்கள், அது தனிக் கதை.

சரி, பரீட்சையில் 184-ஐ மாற்றி 148 என்று எழுதிவிடாதீர்கள். அது போசனப்பிரியம், என் இரண்டாவது முட்டை அங்கேதான் வரும்.